கப் வின்னர்ஸ் கப்: இருந்தது எப்படி, இல்லாமல் போனது எப்படி

2023 ஜூன் மாதம் பிராக் நகரில் இங்கிலாந்தின் வெஸ்ட் ஹாம் அணி இத்தாலியின் ஃபியோரெண்டினாவை 2-1 என்று வென்று, ஐரோப்பியக் கிளப் போட்டிகளில் ஒன்றான கான்ஃபரன்ஸ் லீக் கோப்பையைத் தூக்கியது. வெஸ்ட் ஹாமுக்கு இதுதான் முதல் ஐரோப்பியக் கோப்பை என்று நினைத்தவர்கள் நிறையப் பேர். அது தவறு. 1965-லேயே அவர்கள் ஒன்றை வென்றிருக்கிறார்கள். எதிரில் ஆடிய ஃபியோரெண்டினா அதே கோப்பையை 1961-இல் வென்றது. அந்தப் போட்டி இப்போது இல்லை என்பதால்தான் இந்தக் குழப்பம்.

கப் வின்னர்ஸ் கப் என்பது அதன் பெயர். 1960 முதல் 1999 வரை ஐரோப்பாவில் நடந்தது. கால்பந்து ரசிகர்கள் கூடும் இடங்களில் இதைப் பற்றி மூன்று பேச்சுகள் திரும்பத் திரும்ப வரும்: இன்றைய ஐரோப்பியக் கிளப் போட்டியான யூரோபா லீக்கின் பழைய பெயர்தான் இது, கோப்பை வென்ற அணிகள் மட்டும் ஆடியது, மூன்றாம் தரப் போட்டி என்பதால் மூடிவிட்டார்கள். மூன்றுமே சரியில்லை. ஏன் என்று புரிய ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் போதும்: இந்தப் போட்டிக்குள் யார் வரலாம்?

லீக் வேறு, கோப்பை வேறு

ஐரோப்பிய நாடுகளில் ஒரு கிளப் ஒரே ஆண்டில் இரண்டு விதமான உள்நாட்டுப் போட்டிகளில் ஆடும். ஒன்று லீக். எல்லா அணிகளும் எல்லா அணிகளோடும் மோதி, ஒன்பது பத்து மாதங்கள் புள்ளி சேர்த்து, கடைசியில் மேலே நிற்பவர் சாம்பியன். ஒரு நாள் சொதப்பினாலும் அடுத்த வாரம் சரிக்கட்டிக்கொள்ளலாம்.

இன்னொன்று கோப்பைப் போட்டி. நம் ஊர்த் திருவிழாவில் நடக்கும் கபடிப் போட்டி மாதிரி. சுற்றுவட்டாரத்து அணியெல்லாம் பெயர் கொடுக்கும், சீட்டுக் குலுக்கி யாருக்கு யார் என்று முடிவாகும், தோற்ற அணி அன்றைக்கே வண்டியேறிவிடும். பெரிய அணி ஒன்று முதல் சுற்றிலேயே வெளியேறிப் பெயரே தெரியாத அணி இறுதிவரை போவது இதில் சாதாரணம். இந்த முறைக்குத்தான் நாக் அவுட் என்று பெயர். இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை, ஸ்பெயினின் கோபா டெல் ரே எல்லாம் இந்த வகை.

1955-இல் ஐரோப்பியக் கோப்பை என்ற போட்டி தொடங்கியது. ஒவ்வொரு நாட்டின் லீக் சாம்பியனும் அதில் மோதின. இன்றைய சாம்பியன்ஸ் லீக் அதன் வளர்ச்சிதான். லீக் வென்றவர்களுக்கு ஒரு மேடை கிடைத்துவிட்டது. அப்படியானால் உள்நாட்டுக் கோப்பை வென்றவர்களுக்கும் ஒன்று வேண்டாமா என்ற எண்ணத்தில் பிறந்ததுதான் கப் வின்னர்ஸ் கப்.

பத்து கிளப்களோடு தொடக்கம்

1960-61-இல் நடந்த முதல் போட்டியில் கலந்துகொண்டவை வெறும் 10 கிளப்கள். காரணம் எளிது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து போன்ற இடங்களில் உள்நாட்டுக் கோப்பைக்குப் பெரிய மரியாதை. மற்ற பல நாடுகளில் அதை யாரும் அவ்வளவு பொருட்படுத்தவில்லை. ஐரோப்பாவில் வெளியே ஆடும் வாய்ப்பு என்று ஒரு பரிசு வந்தபிறகுதான் அந்தக் கோப்பைகளுக்கே மதிப்பு கூடியது.

முதல் ஆண்டை நடத்தியது யூஃபா கூட இல்லை. மத்திய ஐரோப்பாவில் மிட்ரோபா கோப்பை என்ற பழைய போட்டியை நடத்திவந்த குழு அது. ஐரோப்பியக் கால்பந்துக்கான தலைமை அமைப்பான யூஃபா அப்புறம்தான் பொறுப்பேற்றது. அந்த முதல் இறுதிப்போட்டி இரண்டு ஆட்டங்களாக நடந்தது. ஃபியோரெண்டினா ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸை இரண்டிலும் வென்றது. அதன்பின் இறுதி என்றால் ஒரே ஆட்டம்தான், சமநிலையில் முடிந்து மறு ஆட்டம் வைத்த சில ஆண்டுகளைத் தவிர.

1963-இல் டாட்டன்ஹாம் ராட்டர்டாமில் அட்லெடிகோ மாட்ரிட்டை 5-1 என்று நொறுக்கியது. ஐரோப்பியக் கோப்பை ஒன்றை வென்ற முதல் பிரிட்டிஷ் கிளப் அதுதான். 1966-இல் லிவர்பூலை வென்ற டோர்ட்முண்ட், அப்படி வென்ற முதல் ஜெர்மன் கிளப்.

உள்ளே வர மூன்று வழி

இங்கேதான் அதிகம் பேர் வழுக்கி விழுகிறார்கள். உள்நாட்டுக் கோப்பையை வென்றால் உள்ளே வரலாம். அது முதல் வழி. கடந்த ஆண்டு இந்தக் கப் வின்னர்ஸ் கப்பையே வென்ற அணி, பட்டத்தைக் காக்க மறுபடி வரலாம், அது இரண்டாவது. மூன்றாவது வழிதான் சுவையானது. ஒரே கிளப் லீக்கையும் கோப்பையையும் சேர்த்து வென்றுவிட்டால், அது ஐரோப்பியக் கோப்பைக்குப் போய்விடும். அப்போது அந்த நாட்டின் இடம் காலியாக விடப்படாது. கோப்பை இறுதியில் தோற்ற அணிக்குப் போகும்.

அதாவது எந்தக் கோப்பையையும் வெல்லாத ஓர் அணி கப் வின்னர்ஸ் கப்பில் ஆடலாம். ஆடியது மட்டுமா, வென்றும் இருக்கிறது. 1978-இல் வென்ற ஆண்டர்லெக்ட் அதற்கு முந்தைய ஆண்டு பெல்ஜியம் கோப்பை இறுதியில் தோற்றிருந்தது. 1997-இல் வென்ற பார்சிலோனாவும் 1996 கோபா டெல் ரே இறுதியில் அட்லெடிகோவிடம் தோற்ற அணிதான்.

இந்த மூன்றாவது வழியில் வந்தவர்களின் பட்டியலைப் பார்த்தால் சிரிப்பு வரும். 1980-இல் ஸ்பெயினின் கோப்பை இறுதியில் ரியல் மாட்ரிட்டோடு மோதியது யார் தெரியுமா? ரியல் மாட்ரிட்டின் சொந்த இரண்டாம் அணியான காஸ்டில்லா. 6-1 என்று தோற்றார்கள். ஆனால் ரியல் மாட்ரிட் லீக்கையும் வென்றிருந்ததால் காஸ்டில்லாவுக்கு ஐரோப்பிய வாய்ப்பு. அவர்களுக்கு எதிரி வெஸ்ட் ஹாம். அவர்களும் அப்போது இங்கிலாந்தின் இரண்டாம் டிவிஷனில் இருந்துகொண்டே எஃப்.ஏ. கோப்பையை வென்றவர்கள். மாட்ரிட்டில் காஸ்டில்லா 3-1 என்று வென்றது. அங்கே வெஸ்ட் ஹாம் ரசிகர்கள் செய்த ரகளைக்குத் தண்டனையாக லண்டன் ஆட்டத்தைப் பார்வையாளர் இல்லாத மைதானத்தில் நடத்தச் சொன்னார்கள். கூடுதல் நேரம் வரை போன அந்த ஆட்டத்தை வெஸ்ட் ஹாம் 5-1 என்று முடித்தது. ஒரு கிளப்பின் இரண்டாம் அணியும் ஓர் இரண்டாம் டிவிஷன் அணியும் ஐரோப்பியப் போட்டியில் மோதுவதை இன்று நினைத்துப் பார்க்க முடியுமா?

1987-இல் இத்தாலியில் மரடோனாவின் நாப்போலி லீக், கோப்பை இரண்டையும் அள்ளியது. இறுதியில் தோற்ற அட்டலாண்டா அதே பருவத்தில் இரண்டாம் டிவிஷனுக்கு இறக்கப்பட்டும் இருந்தது. அப்படிப்பட்ட அணி கப் வின்னர்ஸ் கப்பில் அரையிறுதி வரை போய், பெல்ஜியத்தின் மெக்கெலனிடம்தான் நின்றது. அந்த ஆண்டு கோப்பையை வென்றதும் மெக்கெலன்தான்.

இரண்டு ஆட்டம், ஒரே கணக்கு

இறுதிக்கு முந்தைய சுற்றுகள் எல்லாம் இரண்டு ஆட்டங்களாக நடந்தன. உன் மைதானத்தில் ஒன்று, என் மைதானத்தில் ஒன்று. இரண்டிலும் அடித்த கோல்களைக் கூட்டிப் பார்த்து அதிகம் அடித்தவர் அடுத்த சுற்றுக்குப் போவார். கூட்டுத்தொகை சமமாக இருந்தால்?

1962-இல் இந்தக் கேள்வி வேல்ஸில் பெரிதாக எழுந்தது. வேல்ஸ் கோப்பையை வென்ற பாங்கர் சிட்டி, இங்கிலாந்தின் நான்கு டிவிஷன்களில் எதிலும் இல்லாத சின்னஞ்சிறு கிளப். அவர்களுக்கு வாய்த்த எதிரி நாப்போலி. பாங்கரில் 2-0 என்று வென்றே விட்டார்கள். இத்தாலியில் 3-1 என்று தோற்றார்கள். கூட்டினால் 3-3. அன்றைய விதிப்படி பொதுவான இடத்தில் மூன்றாவது ஆட்டம் வைக்க வேண்டும். லண்டனில் அர்செனலின் மைதானத்தில் நடந்த அதில் நாப்போலி 2-1 என்று தப்பித்தது.

மூன்றாவது ஆட்டம் என்றால் தேதி, மைதானம், பயணம், செலவு என்று எல்லாமே சிக்கல். அதனால் 1965-66-இல் கப் வின்னர்ஸ் கப்பில் ஒரு புது விதியைப் பரிசோதித்தார்கள். அதுதான் வெளி மைதான கோல் விதி: கூட்டுத்தொகை சமமானால், எதிரியின் மைதானத்தில் அதிக கோல் அடித்த அணிக்கு வெற்றி. பின்னாளில் ஐரோப்பா முழுக்கப் பரவி, 2021-இல் யூஃபா நீக்கும் வரை அரை நூற்றாண்டுக்கு மேல் ரசிகர்களின் நகத்தைக் கடிக்க வைத்த விதி பிறந்தது இந்தப் போட்டியில்தான். மூன்றே ஆண்டு முன்னால் வந்திருந்தால் பாங்கர் சிட்டி நாப்போலியை வெளியேற்றியிருக்கும். அவர்கள் இத்தாலியில் ஒரு கோல் அடித்தார்கள். நாப்போலி வேல்ஸில் ஒன்றும் அடிக்கவில்லை.

விதி வந்தபிறகும் எல்லோருக்கும் அது உடனே மண்டையில் ஏறவில்லை, நடுவர் உட்பட. 1971-இல் ரேஞ்சர்ஸ் சொந்த மைதானத்தில் ஸ்போர்ட்டிங் லிஸ்பனை 3-2 என்று வென்றது. லிஸ்பனில் 90 நிமிட முடிவில் ஸ்போர்ட்டிங் 3-2 என்று முன்னிலை. ஆகவே எல்லாம் சமம், கூடுதல் நேரம். அதில் ஆளுக்கொரு கோல். முடிவு 4-3, கூட்டினால் 6-6. ரேஞ்சர்ஸ் வெளியே அடித்தது மூன்று, ஸ்போர்ட்டிங் வெளியே அடித்தது இரண்டு. ரேஞ்சர்ஸ் ஜெயித்தாகிவிட்டது. ஆனால் கூடுதல் நேரத்து கோலை நடுவர் அந்தக் கணக்கில் சேர்க்காமல், பெனால்டி ஷூட் அவுட்டுக்கு உத்தரவிட்டார். அதில் ரேஞ்சர்ஸ் தோற்றது, ஸ்போர்ட்டிங் கொண்டாடியது. விதிப் புத்தகத்தை எடுத்துக் காட்டியபிறகு யூஃபா முடிவை மாற்றி ரேஞ்சர்ஸை அடுத்த சுற்றுக்கு அனுப்பியது.

அந்த ரேஞ்சர்ஸ் உள்ளே வந்ததே மூன்றாவது வழியில்தான். 1971 ஸ்காட்லாந்து கோப்பை இறுதியில் அவர்கள் செல்டிக்கிடம் தோற்றிருந்தார்கள். உள்நாட்டு இறுதியில் தோற்று, நடக்கவே கூடாத ஒரு ஷூட் அவுட்டிலும் தோற்ற அந்த அணிதான் 1972-இல் பார்சிலோனா நகரில் டைனமோ மாஸ்கோவை 3-2 என்று வென்று கோப்பையை எடுத்தது. ரசிகர்கள் மைதானத்துக்குள் புகுந்து கலவரமானதால் கோப்பையை உள்ளறையில் வைத்துத்தான் கொடுத்தார்கள். மறு ஆண்டு ஐரோப்பாவில் ஆடத் தடையும் வந்தது. இத்தனையும் ஒரே அணிக்கு, ஒரே பருவத்தில்.

1984-இல் ரெக்ஸம் கதையும் இதே விதியால் வந்தது. வேல்ஸ் கோப்பையில் எல்லையோர ஆங்கிலேயக் கிளப்களும் ஆடலாம். ஆனால் வென்றாலும் அவை வேல்ஸ் சார்பில் ஐரோப்பாவுக்குப் போக முடியாது. அந்த ஆண்டு வென்றது ஷ்ரூஸ்பரி, ஐரோப்பாவுக்குப் போனது இறுதியில் தோற்ற ரெக்ஸம். இங்கிலாந்தின் நான்காம் டிவிஷனில் தவித்துக்கொண்டிருந்த அவர்கள், சில மாதங்களுக்கு முன்தான் இதே கப் வின்னர்ஸ் கப் இறுதியில் ஆடியிருந்த போர்ட்டோவைச் சொந்த ஊரில் 1-0 என்று வென்றார்கள். போர்ச்சுகலில் 4-3 என்று தோற்றார்கள். 4-4. வெளியே அடித்த மூன்று கோல் அவர்களைக் காப்பாற்றியது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: நாட்டுக்குப் பொதுவாக ஓர் இடம், அதுவும் நாக் அவுட்டில் வந்த அணிக்கு. உள்ளே வந்தபிறகும் நாக் அவுட்தான். குழுச் சுற்று, புள்ளிப் பட்டியல் எதுவும் கடைசி வரை கிடையாது.

மூன்றாம் தரமா?

அந்தக் காலத்தில் மூன்று போட்டிகள் இருந்தன. ஐரோப்பியக் கோப்பை எல்லாவற்றுக்கும் மேல். 1971-இல் தொடங்கிய யூஃபா கோப்பை, லீக்கில் சாம்பியனுக்கு அடுத்து வந்தவர்களுக்கானது. கௌரவத்தில் கப் வின்னர்ஸ் கப்புக்கு இரண்டாம் இடம் தந்தார்கள். 1970-களில் உருவான சூப்பர் கோப்பையில் ஐரோப்பியக் கோப்பை வென்றவரோடு மோதியது கப் வின்னர்ஸ் கப் வென்றவர்தான், யூஃபா கோப்பை வென்றவர் அல்ல.

வெல்வது கடினமா என்று கேட்டால் பதில் வேறு. பெரிய நாடுகளிலிருந்து யூஃபா கோப்பைக்கு மூன்று நான்கு நல்ல அணிகள் வரும். இங்கே ஒன்றுதான். ஆரம்பச் சுற்றுகளில் பொருத்தமே இல்லாத ஆட்டங்களும் நடந்தன. 1963-இல் ஸ்போர்ட்டிங் லிஸ்பன் சைப்ரஸின் அபோயலை 16-1 என்று வென்றது. 1971-இல் செல்சி ஒரு லக்ஸம்பர்க் கிளப்பை 8-0, 13-0 என்று இரண்டு ஆட்டத்தில் 21 கோல் போட்டு அனுப்பியது. ஆகவே யூஃபா கோப்பையை வெல்வதுதான் கடினம் என்று வாதிட்டால் நானும் ஒப்புக்கொள்வேன், குறிப்பாக 1990-களுக்கு.

ஆனால் அதே அமைப்புதான் வேறு எங்கும் கிடைக்காத வெற்றியாளர்களையும் தந்தது. 1969-இல் ஸ்லோவான் பிராட்டிஸ்லாவா பார்சிலோனாவை 3-2 என்று வென்றது; செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து ஐரோப்பிய அளவிலான கோப்பை ஒன்றை எடுத்த ஒரே கிளப் அது. 1974-இல் மாக்டெபுர்க் ஏசி மிலானை 2-0 என்று வென்றது. கிழக்கு ஜெர்மனிக்கு வந்த ஒரே ஐரோப்பிய அளவிலான கோப்பையும் அதுதான். டைனமோ கீவ் 1975-லும் 1986-லும், ஜார்ஜியாவின் டினாமோ திபிலிசி 1981-லும் வென்றன. 1983-இல் அலெக்ஸ் ஃபெர்குசன் பயிற்சியாளராக இருந்த அபெர்டீன், காலிறுதியில் பயர்ன் மியூனிக்கையும் இறுதியில் ரியல் மாட்ரிட்டையும் வீழ்த்தியது. மான்செஸ்டர் யுனைடெட் அவரைத் தேடி வந்தது இதற்குப் பிறகுதான்.

இன்னொரு வினோதமும் உண்டு. 39 ஆண்டுகளில் ஒருவர் கூட இந்தக் கோப்பையை அடுத்தடுத்து இரண்டு முறை வெல்லவில்லை. எட்டு முறை நடப்பு சாம்பியன் மறுபடி இறுதி வரை வந்து தோற்றது. 1994-இல் பார்மா அர்செனலிடம் தோற்றது. 1995-இல் அதே அர்செனல், கூடுதல் நேரத்தின் கடைசி நொடிகளில் சரகோசாவின் நயீம் நாற்பது மீட்டர் தொலைவிலிருந்து தூக்கியடித்த பந்தைப் பார்த்துக்கொண்டே தோற்றது. 1997-இல் பாரிஸ் அணியான பிஎஸ்ஜிக்கும் இதே கதி. அதிக முறை வென்ற பார்சிலோனாவின் நான்கு கோப்பைகளும் 1979, 1982, 1989, 1997 என்று தள்ளித் தள்ளி வந்தவை.

சரி, எப்படிச் செத்தது?

சாம்பியன்ஸ் லீக் விரிந்தது. அதுதான் காரணம். மெதுவாகப் பார்ப்போம்.

1992-இல் ஐரோப்பியக் கோப்பை சாம்பியன்ஸ் லீக் ஆனது. நான்கு அணிகள் தங்களுக்குள் இரண்டு முறை மோதும் குழுச் சுற்று முந்தைய பருவத்திலேயே வந்திருந்தது. ஒரு பெரிய கிளப் அதற்குள் வந்துவிட்டால் குறைந்தது ஆறு ஆட்டம் நிச்சயம். தொலைக்காட்சிக்கு வேண்டியது அந்த நிச்சயம்தான். கப் வின்னர்ஸ் கப்பில் அது கிடையாது. இரண்டே ஆட்டத்தில் பார்சிலோனா வீட்டுக்குப் போய்விடலாம்.

1997-98-இல் பெரிய நாடுகள் எட்டிலிருந்து லீக்கில் இரண்டாம் இடம் வந்த அணிகளையும் சாம்பியன்ஸ் லீக்கில் சேர்த்தார்கள். இதன் விளைவு அடுத்த ஆண்டே தெரிந்தது. 1998-இல் பயர்ன் மியூனிக் ஜெர்மன் கோப்பையை வென்றது. பழைய முறையில் அது கப் வின்னர்ஸ் கப்புக்கு வந்திருக்க வேண்டும். ஆனால் லீக்கில் இரண்டாம் இடமும் பிடித்திருந்ததால் சாம்பியன்ஸ் லீக்குக்குப் போனது. ஜெர்மனி சார்பில் வந்தது, கோப்பை இறுதியில் தோற்ற டூயிஸ்பர்க். அதே ஆண்டு இங்கிலாந்தில் அர்செனலும் ஸ்பெயினில் பார்சிலோனாவும் இரட்டை வெற்றி பெற்றதால், இறுதியில் தோற்ற நியூகாசிலும் மயோர்க்காவும் வந்தன. விதிவிலக்காக இருந்த மூன்றாவது வழியில் மூன்று பெரிய நாடுகள் ஒரே பருவத்தில் வந்து நின்றன.

1998-இல் இன்னொரு நெருக்கடியும் வந்தது. மிலான் நகரைச் சேர்ந்த மீடியா பார்ட்னர்ஸ் என்ற நிறுவனம், பெரிய கிளப்களை யூஃபாவிடமிருந்து பிரித்துத் தனி சூப்பர் லீக் நடத்தத் திட்டம் போட்டது. பெரிய கிளப்களைத் தக்கவைக்க யூஃபா சாம்பியன்ஸ் லீக்கை இன்னும் அகலமாகத் திறந்தது. 1999-2000 முதல் சில நாடுகளுக்கு நான்கு இடம். லீக்கில் முதல் நான்கு இடத்துக்குள் வரும் அணிகளே பெரும்பாலும் கோப்பையையும் வெல்லும் நாடுகளில், இனி கப் வின்னர்ஸ் கப்புக்கு யார் மிச்சம்? மூடிவிட முடிவு செய்தார்கள்.

கடைசி இறுதிப்போட்டி 1999 மே 19 அன்று பர்மிங்காமின் வில்லா பார்க்கில். லாட்சியோ 2-1 என்று மயோர்க்காவை வென்றது. வெற்றிக் கோல் நெட்வெட் அடித்தது. லாட்சியோ உண்மையிலேயே இத்தாலியக் கோப்பையை வென்று வந்த அணி.

யூரோபா லீக்கின் பழைய பெயரா?

இல்லை. 2009-இல் யூரோபா லீக் என்று பெயர் மாறியது யூஃபா கோப்பை. கப் வின்னர்ஸ் கப் 1999-இல் யூஃபா கோப்பைக்குள் கரைக்கப்பட்டது. அதாவது உள்நாட்டுக் கோப்பை வென்றவர்களுக்கு அங்கே இடம் கொடுத்தார்கள், சூப்பர் கோப்பையில் ஆடும் உரிமையும் 2000 முதல் யூஃபா கோப்பை வென்றவருக்குப் போனது. வரலாறு மட்டும் சேர்க்கப்படவில்லை. பார்சிலோனாவின் நான்கு கப் வின்னர்ஸ் கப்களும் யூரோபா லீக் கணக்கில் வராது. அந்த வரிசையில் அவர்களுக்கு இன்றுவரை ஒன்றும் இல்லை.

மற்ற கண்டங்களிலும் இதே வடிவம் இருந்து, இதே மாதிரி மறைந்தது. ஆப்பிரிக்காவில் 1975-இல் தொடங்கிய கப் வின்னர்ஸ் கப், 2004-இல் இன்னொரு போட்டியோடு இணைந்து கான்ஃபெடரேஷன் கோப்பை ஆனது. ஆசியப் போட்டி 1990-களில் தொடங்கி 2002-இல் முடிந்து ஆசிய சாம்பியன்ஸ் லீக்குக்குள் போனது. 1993-இல் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் ஈராக்கின் அல் சவ்ராவை 6-2 என்று வென்றது அந்தப் போட்டியில்தான்.

ஐரோப்பாவில் அந்த மூன்றாவது வழி மட்டும் யூஃபா கோப்பையிலும் யூரோபா லீக்கிலும் கொஞ்ச காலம் உயிரோடு இருந்தது. கோப்பை வென்றவர் சாம்பியன்ஸ் லீக்குக்குப் போனால், இறுதியில் தோற்றவர் யூரோபா லீக்கில் ஆடலாம். 2015-16 முதல் அதையும் எடுத்துவிட்டார்கள். இப்போது அந்த இடம் லீக் பட்டியலில் அடுத்து நிற்கும் அணிக்குப் போகிறது. இன்று ஓர் இரண்டாம் டிவிஷன் அணி கோப்பை இறுதிவரை வந்து தோற்றால், ஐரோப்பாவில் அதற்கு ஆட்டம் இல்லை.